நான் அழிச்ச அந்தப் பேரு

சிறுசேரியில நான் முன்னாடி வேலை பார்த்த கம்பெனியில புதுசா சேர்ந்திருக்கற பிள்ளைங்களுக்கு உங்க அனுபவத்துல ஏதாவது எழுதிக் குடுங்கக்கான்னு கேட்டாங்க. நல்ல சேதியா நாலு எழுதலாம்னுதான் உக்காந்தேன். எங்க சுத்தினாலும் பேனா ஒரே ஒரு திங்கக்கிழமைக்குத்தான் போய் நிக்குது. சரி, அதையே எழுதிடறேன். படிச்சிட்டு உங்களுக்குப் பயம் வந்தா நல்லது. எனக்கு வர வேண்டிய நேரத்துல பயம் வரல, வரக்கூடாத நேரத்துல வந்துச்சு.

நான் படாளத்துக்காரி. தொண்ணூறுகள்ல செங்கல்பட்டுல ஒரு மிக்சி கம்பெனி ஆபீஸ்ல வேலை பார்த்தேன். ஜார் உடைஞ்சுது, மோட்டார் எரிஞ்சுதுன்னு வர்ற புகார்க் கடுதாசியைப் படிச்சுப் பதில் எழுதறது என் வேலை. ஒரு தடவை மூணு ஊர்ல இருந்து மூணு பேர் எழுதின கடுதாசியைப் பார்த்துட்டு, இது மூணும் ஒரே ஆள் எழுதினதுன்னு சொன்னேன். விசாரிச்சா நிஜம். எங்க டீலர் ஒருத்தர் மேல பொறாமையில இன்னொரு டீலர் ஆள் வச்சு எழுதியிருக்கார். மேனேஜர் எல்லார் முன்னாடியும், "இந்தம்மா கடுதாசியை மோந்து பார்த்தே ஆளைச் சொல்லிடும்"னாரு. அன்னிக்குப் பிடிச்ச திமிர் எனக்கு. நான் பேரைப் பார்க்கறதே இல்ல, எழுதற தோரணையைத்தான் பார்ப்பேன்னு எல்லார்கிட்டயும் பீத்திக்கினு திரிஞ்சேன். அந்தத் திமிரோடதான் கம்பெனி மூடின பிறகு, நாப்பது வயசு தாண்டி, சிறுசேரிக்கு வந்தேன்.

அங்க என்ன வேலைன்னா, வெளிநாட்டுல ஒரு கம்பெனி கம்ப்யூட்டர் கேம் பண்ணுது. அதை ஆடறவங்க பேசிக்கறதுக்கு ஒரு ஃபோரம் வச்சிருந்தாங்க. அங்க யாரும் யாரையும் கடிச்சுக் குதறாம பார்த்துக்கறது எங்க வேலை. மாடரேட்டர்னு பேரு. ஊர்ப் பஞ்சாயத்துதான், ஊர் மட்டும் உலகம் பூரா இருக்கும். நாங்க பன்னெண்டு பேர். என்னைத் தவிர மத்ததெல்லாம் காலேஜ் முடிச்ச ஈரம் காயாததுங்க. எங்க டீம் லீடுக்கே இருபத்தாறு வயசு, கோவில்பட்டிப் பொண்ணு. நான் அவளுக்குக் கட்டுப்பட்டவ, ஆனா அவ என்னை அக்கான்னுதான் கூப்பிடுவா.

கேமோட நிஜப் பேரைச் சொல்ல மாட்டேன். ஏழு மதில்னு வச்சுக்குவோம். முதல் பாகம் தொண்ணூறுகள் தொடக்கத்துல வந்தது. ஆடறவங்க அதுல ஒரு ஆளாவே மாறிடணும். வைத்தியனோ, திருடனோ, படைவீரனோ, அவங்க இஷ்டம். ஊர் ஊராப் போய்ப் பேசி, சண்டை போட்டு, எடுக்கற முடிவுக்குத் தக்கபடி கதை போகும். அஞ்சு பாகம் வரைக்கும் சண்டை முறை வச்சுத்தான். நீ ஒரு அடி, எதிரி ஒரு அடி. நடுவுல எவ்வளவு நேரம் வேணா யோசிக்கலாம். எழுந்து போய் டீ குடிச்சிட்டு வந்தாலும் எதிரி காத்துக்கினு நிப்பான். ஆறாவது பாகத்துல அதைத் தூக்கிட்டாங்க. முறை கிடையாது, யோசிக்க நேரம் கிடையாது, எதிர்ல வந்தா அடி. போதாக்குறைக்கு முதல் பாகத்துல இருந்து கூடவே வந்த ஒரு கிழட்டுப் படகோட்டியையும் கதையில இருந்து எடுத்துட்டாங்க.

பத்திக்கிச்சு. பழசுதான் ஏழு மதில், இது வேற எதோ ஒரு குப்பைன்னு ஒரு கட்சி. காலத்துக்குத் தக்கன மாறாட்டி செத்துப் போவீங்கன்னு ஒரு கட்சி. அந்தப் படகோட்டிக்காக, வளர்ந்த ஆம்பளைங்க அழுது எழுதினதை நான் படிச்சிருக்கேன். சிரிக்காதீங்க. பத்துப் பன்னெண்டு வருஷம் ஒருத்தனோட கூடவே அலைஞ்சா, அவன் பொம்மையா இருந்தாலும் மனசுல ஒட்டிக்கும். ஆனா அழுகை நாலு நாளைக்குத்தான். அப்புறம் அது எதிர்க் கட்சிக்காரன் மேல கோவமா மாறும். உன்னை மாதிரி ஆளுங்களாலதாண்டா இது நாசமா போச்சுன்னு ஆரம்பிக்கும்.

பழசு கட்சிக்குத் தலைவர் மாதிரி ஒருத்தர் இருந்தார். அவர் வச்சிருந்த பேரைத் தமிழ்ல சொன்னா சாவிக்காரர். அஞ்சு பாகத்துக்கும் எந்தக் கதவு எப்படித் திறக்கும்னு வழிகாட்டி எழுதி வச்சவர். அவர் சொன்னா அந்தக் கட்சிக்கு வேதவாக்கு. புதுசு கட்சியில ஒரு வாயாடி, மின்மினின்னு பேரு. "யோசிக்க நேரம் வேணும்னா செஸ் ஆடப் போங்க சார், எங்களுக்குப் பரீட்சைக்கு நடுவுல ஒரு மணி நேரம்தான் கிடைக்குது"ன்னு அவரையே எதிர்த்து எழுதும். அவர் நாலு பக்கத்துக்குப் பதில் போடுவார். இது ரெண்டு வரியில மூக்கை உடைச்சிட்டுப் போயிடும். ரெண்டு கட்சியும் வேலையைப் போட்டுட்டு இவங்க சண்டையைப் படிக்கும். நானும்தான்.

படிக்கப் படிக்க எனக்கு மூக்குல வேர்த்துச்சு. இவங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஃபோரத்துல இருக்கறதே இல்ல. ஒருத்தர் போய்ப் பத்து நிமிஷம் கழிச்சு இன்னொருத்தர் வருவார். ரெண்டு பேருமே கடைசியில, போகட்டும், என் மனசுல பட்டதைச் சொல்லிட்டேன்னு ஒரே மாதிரி முடிப்பாங்க. எந்தக் கம்ப்யூட்டர் எந்த இணைப்புல இருந்து வருதுன்னு காட்டற ஒரு கருவி எங்ககிட்ட உண்டு. போட்டுப் பார்த்தேன். ரெண்டுக்கும் ஒரே நம்பர். ஊர் கல்பாக்கம். உலகத்துல எங்கயோன்னு நினைச்ச ஆள் நம்ம பக்கத்துல உக்காந்துக்கினு ரெண்டு வேஷம் கட்டி எல்லாரையும் ஆட்டி வைக்கறான்னு எனக்கு ஒரே குஷி. ஒரு வூட்ல ரெண்டு பேர் இருக்கலாமேன்னு ஒரு நிமிஷம் தோணியிருக்கணும். தோணல. மோந்து பார்க்கற மூக்குக்கு யோசனை எதுக்கு?

எங்க வழக்கம் ஒண்ணு சொல்லணும். ஒரே ஆள் ரெண்டு பேர்ல வந்தா ரெண்டுக்கும் தடை. தடை போட்டா, அதுக்கு என்ன ஆதாரம்னு ஒரு பொதுப் பலகையில போடணும். அப்பதான் மாடரேட்டர் பாரபட்சம் பண்றான்னு பேச்சு வராது. அந்தப் பலகையில எல்லாரும் கருத்து எழுதலாம். ஆனா யார் ஒரு தீர்ப்பைப் போட்டாங்களோ, அவங்கதான் அதுல கை வைக்கணும். அடுத்த ஷிப்ட்காரங்க தொட மாட்டாங்க. இன்னொரு வழக்கமும் உண்டு. தடை வாங்கினவங்க அனுப்பற மெயில் தனியா ஒரு பெட்டிக்குப் போகும். குப்பைத்தொட்டின்னு நாங்களே அதுக்குப் பேர் வச்சிருந்தோம். ஆயா அம்மான்னு திட்டுதான் வரும்னு யாரும் திறக்கறது இல்ல.

அன்னிக்கு வெள்ளிக்கிழமை. மத்தியான கேப் கிளம்பற நேரம். கருவி குடுக்கற வரியில ரெண்டு பேரு, நம்பர், கடைசியா ஊர் பேரு இருக்கும். நம்பர் வரைக்கும் வச்சுக்கினு ஊர் பேரை வெட்டிட்டுத்தான் போடணும். நான் அவசரத்துல வரியை முழுசா எடுத்து ஒட்டிட்டு, பையைத் தூக்கிக்கினு கேப்புக்கு ஓடிட்டேன். லீடுகிட்டயும் ஒரு வார்த்தை கேக்கல. சனி ஞாயிறு படாளத்துல நிம்மதியா துணி துவைச்சுக்கினு இருந்தேன்.

திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்கு வந்து பலகையைத் திறந்தேன். என் தீர்ப்புக்குக் கீழ நாப்பது பக்கம் ஓடியிருந்துச்சு.

ஜென்ம விரோதிங்க ரெண்டு கட்சியும் முதல் தடவையா ஒண்ணா சேர்ந்திருந்தாங்க. எங்க தலைவனே எங்களை முட்டாளாக்கிட்டான்னு பழசு கட்சிக்கு ஆத்திரம். நாங்க தூக்கி வச்சு ஆடின மின்மினியே பொய்யான்னு புதுசு கட்சிக்கு ஆத்திரம். நான் குடுத்த ஊர் பேரை வச்சுக்கினு தேடியிருக்காங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பழைய சிடி மாத்திக்கறதுக்காக சாவிக்காரர் வூட்டுப் போன் நம்பரை ஒரு மூலையில எழுதி வச்சிருந்தார். அதைத் தோண்டி எடுத்துப் போட்டுட்டாங்க. நான் கூப்பிட்டேன், ஒரு பொண்ணு எடுத்துச்சுன்னு ஒருத்தன். நானும் கூப்பிட்டேன், அழுதுச்சுன்னு இன்னொருத்தன். அப்போதான் புரிஞ்சுது, மின்மினி வேற ஆள். ஒரு பொண்ணு. அவர் வூட்டுப் பொண்ணு.

கடைசிப் பக்கத்துல ஒருத்தன் எழுதியிருந்தான். எழுத்துல கோவமே இல்ல. நான் சென்னையிலதான் இருக்கேன், திங்கக்கிழமை எனக்கு லீவு, நேர்ல போய் அவங்க மூஞ்சியைப் பார்த்துட்டு வந்து உங்களுக்குச் சொல்றேன்னு அமைதியா எழுதியிருந்தான். திட்டறவங்களை நான் பத்துப் பதினஞ்சு வருஷமா படிக்கறேன், திட்டினா எனக்குப் பயம் வராது. இதைப் படிச்சதும் வந்துச்சு.

அடுத்து நான் செஞ்சதைத்தான் நீங்க நல்லா கேட்டுக்கணும்.

எங்க கருவியில ரெண்டு பொத்தான் உண்டு. ஒண்ணு மறைக்கறது. ஆடறவங்க கண்ணுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். இன்னொண்ணு அடியோட அழிக்கறது. நான் அடியோட அழிச்சேன். நாப்பது பக்கத்தையும். அந்தப் பொண்ணைக் காப்பாத்தத்தான் அழிச்சேன்னு அப்போ எனக்கு நானே சொல்லிக்கினேன். பொய். அந்தப் பக்கத்தோட உச்சியில, கல்பாக்கம்ங்கற வார்த்தைக்குப் பக்கத்துல, என் பேரு இருந்துச்சு. அதை யாரும் பார்க்கறதுக்குள்ள இல்லாம பண்ணணும். அவ்வளவுதான் என் மனசுல ஓடுச்சு.

அழிச்சிட்டு கேன்டீனுக்குப் போனேன். பசங்களோட உக்காந்து இட்லி சாப்ட்டேன். நல்லாத்தான் பேசிக்கினு இருந்தேன்னு அப்புறம் அவங்க சொன்னாங்க. ஒரு மணி நேரம், பிள்ளைங்களா. ஒரு மணி நேரம் இதைப் பத்தி யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. முழுப் பூசணிக்காயை இட்லித் தட்டுல மறைச்சு வச்சுக்கினு உக்காந்திருந்தேன்.

அப்புறம் முடியல. லீடுகிட்ட போய்ச் சொன்னேன். அவ என்னைத் திட்டுவா, நான் அழலாம்னு ஒரு எண்ணம். அவ திட்டல. ஒரு வெள்ளைத் தாளை என் முன்னாடி வச்சா.

"அக்கா, அந்தக் கடைசி ஆள் எழுதினதை அப்படியே எழுதுங்க. மறக்கதுக்குள்ள எழுதுங்க. அவன் பேரு என்ன?"

எழுதினேன். சென்னை. திங்கக்கிழமை. லீவு. மூஞ்சியைப் பார்த்துட்டு. அதோட பேனா நின்னு போச்சு. பேரு வரல. முதல் எழுத்துகூட வரல. நான்தான் பேரைப் பார்க்காத மகராசி ஆச்சே.

"சரி, போன் நம்பராவது? அந்த வீட்டுக்குச் சொல்லிரலாம்."

அதுவும் நான் அழிச்ச பக்கத்துலதான் இருந்துச்சு.

வெளிநாட்டு ஆபீஸ்ல அப்போ எல்லாரும் தூங்கிக்கினு இருப்பாங்க, பேக்கப் எடுத்துக் குடுக்க ஆள் கிடையாது. நூறுக்குப் போன் போட்டா, யார் வர்றது, எப்ப வர்றதுன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. ரெண்டுக்கும் எங்ககிட்ட பதில் இல்ல. லீடு ஒரு நிமிஷம் நகத்தைக் கடிச்சிக்கினு நின்னா. அப்புறம் அவளே போய் அந்தக் குப்பைத்தொட்டியைத் திறந்தா.

அதுல மின்மினிகிட்ட இருந்து நாலு மெயில் இருந்துச்சு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது முதல் மெயில். நானும் எங்கப்பாவும் வேற வேற ஆளுங்க, எங்க வூட்ல ஒரு கம்ப்யூட்டர்தான், மாத்தி மாத்தி உக்காருவோம், பலகையில எங்க ஊர் பேரு இருக்குன்னு தெரிஞ்சவங்க சொன்னாங்க, தடையை எடுக்க வேணாம், அந்த ஊர் பேரை மட்டும் எடுத்துடுங்கன்னு மரியாதையா எழுதியிருந்தா. சனிக்கிழமை மெயில்ல போன் வந்துக்கினே இருக்குன்னு எழுதியிருந்தா. ஞாயித்துக்கிழமை மெயில்ல, நாங்க நிஜமான ஆளுங்கதான்னு நீங்க நம்பணும்னு சொல்லி, அவங்க அப்பா பேரு, வூட்டு அட்ரஸ், போன் நம்பர் எல்லாமே குடுத்திருந்தா. நாலாவது அன்னிக்குக் காலையில ஏழு மணிக்கு வந்தது. அப்பா டியூட்டிக்குக் கிளம்பிட்டாரு, அவர் வேலை செய்யற இடத்துல செல்போனை வாசல்லயே வாங்கி வச்சுக்குவாங்க, எனக்கு ஸ்டடி லீவு, வூட்ல நான் மட்டும்தான் இருக்கேன். யாராவது இதைப் படிக்கறீங்களா?

லீடு அந்த நம்பருக்குப் போன் போட்டா. மணி அடிச்சுக்கினே இருந்துச்சு. எடுக்கல. மறுபடி போட்டா. எடுக்கல. மூணு நாளா மிரட்டல் வர்ற போனை எவ எடுப்பா? இல்ல எடுக்க முடியாத நிலையில இருக்காளா? என் புத்தி அதுக்கு மேல போகவே பயந்துச்சு.

"ஆடறவங்களை வெளிய சந்திக்கக் கூடாதுன்னு விதி இருக்கும்மா"ன்னு நான் சொன்னேன். வெக்கமா இருக்கு, ஆனா சொன்னேன்.

"விதியை நான் பார்த்துக்கிடுதேன். நீங்க வண்டியில ஏறுங்க"ன்னா.

கேப் டிரைவர் கோவளத்துக்காரர். திருப்போரூர் தாண்டறதுக்குள்ள கண்ணாடியில என்னை நாலு தடவை பார்த்துட்டார்.

"இன்னா மேடம், பேயறைஞ்ச மாதிரி கீறீங்க? யாருக்குனா உடம்பு சரியில்லியா?"

"ஒரு பொண்ணு தனியா இருக்கா அண்ணாத்த. சீக்கிரம் போங்க."

அவர் ஆக்சிலரேட்டரை அழுத்தினார். மாமல்லபுரத்துக்கிட்ட டூரிஸ்ட் பஸ் நாலு குறுக்க மறுக்க நின்னுக்கினு வழியே இல்ல. அந்தப் பத்து நிமிஷத்துல நான் வேண்டாத சாமி இல்ல. முன்னாடி போற பைக் எல்லாம் அவனாத் தெரிஞ்சுது. ஹெல்மெட் போட்டவன் எல்லாம் அவன். ஒரு வண்டியில ஒருத்தன் பொண்டாட்டி புள்ளையோட போனான், அவனைக்கூட உத்துப் பார்த்தேன். பேரு தெரியாத ஆளைத் தேடிப் பாருங்க, ரோட்ல போற அத்தனை பேர் மேலயும் சந்தேகம் வரும். லீடு பக்கத்துல உக்காந்து ரீடயல் அமுக்கிக்கினே வந்தா.

கல்பாக்கத்தை ஒட்டின சதுரங்கப்பட்டினத்துல, கோட்டைக்குப் பின்னாடி தெரு. கடைசி வூடு. நாங்க திரும்பறப்ப அந்த வூட்டு கேட்டுக்கிட்ட ஒரு பைக் நின்னுக்கினு இருந்துச்சு. ஒருத்தன் ஹெல்மெட்டைக் கழட்டாம, ஒரு காலை ஊனிக்கினு வூட்டையே பார்த்துக்கினு இருந்தான். எங்க வண்டியைப் பார்த்ததும் கிக்கரை உதைச்சு, எங்களை ஒட்டிக்கினு போயிட்டான். அவன் தெரு முனை தாண்டினப்புறம்தான் எனக்கு டிரைவரைக் கேக்கத் தோணுச்சு.

"அண்ணாத்த, நம்பர் பாத்தீங்களா?"

"நீங்க சொல்லவே இல்லியே மேடம். பொண்ணுக்கு உடம்பு சரியில்லன்னுல்ல நெனச்சிகினு வந்தேன்."

அவர் சொன்னதும் சரிதான். அவர்கிட்டயும் நான் முழுசா சொல்லல.

பகல் பன்னெண்டு மணிக்கு எல்லா ஜன்னலும் சாத்தியிருந்துச்சு. லீடு கதவைத் தட்டினா. சத்தமே இல்ல. என்ன சொல்லிக் கூப்பிடறதுன்னு தெரியாம, "மின்மினி"ன்னு கூப்பிட்டா. உள்ள எதோ கனமான சாமானைத் தரையோட தேய்ச்சு இழுக்கற சத்தம் கேட்டுச்சு. கட்டிலைக் கதவுக்கு முட்டுக் குடுக்கறா. அந்தப் பேரைச் சொல்லித்தானே மூணு நாளா போன்ல மிரட்டியிருப்பானுங்க. லீடு மூஞ்சி வெளுத்துப் போச்சு. அதுவரைக்கும் கலங்காத பொண்ணு அது.

நான் கதவுக்கிட்ட போய்க் குனிஞ்சு சாவித் துவாரத்துக்கு நேரா சொன்னேன். "நீ எழுதின நாலு மெயிலையும் இப்பதாம்மா படிச்சோம். நாங்க ரெண்டு பொம்பளைங்கதான் வந்திருக்கோம். நீ இப்பத் திறக்க வேணாம். உங்கப்பா வர்ற வரைக்கும் நாங்க இந்தப் படியிலயே உக்காந்திருக்கோம்."

உக்காந்தோம். வெயில் மண்டையைப் பொளந்துச்சு. அரை மணி நேரம் இருக்கும். கட்டில் நகர்ற சத்தம் கேட்டுது. கதவு ஒரு சாண் திறந்துச்சு. பத்தொன்பது வயசுப் பொண்ணு, ஒல்லியா, நைட்டி மேல துண்டு போட்டுக்கினு. கையில தேங்கா உடைக்கற அருவா. மூணு நாளா தூங்காத கண்ணு.

"ஊர் பேரைப் போட்டது யாரு?"

லீடு வாயைத் திறந்தா. நான் முந்திக்கினேன். "நான்தாம்மா."

அவ என்னை மேல இருந்து கீழ வரைக்கும் பார்த்தா. அவங்க அம்மா வயசு எனக்கு. அதை அவ எதிர்பார்க்கலபோல இருக்கு. அருவாவைக் கீழ வச்சிட்டு அங்கயே சுவத்தோரமா உக்காந்துட்டா. லீடுதான் உள்ள போய்த் தண்ணி மொண்டு வந்து குடுத்தா.

"அந்த பைக் காலையில இருந்து மூணாவது தடவை வருது"ன்னா. "இன்னிக்கு ஒருத்தன் நேர்ல வர்றதா பலகையில எழுதியிருக்கான்னு போன்ல சொன்னாங்க. எனக்குத் தடைங்கறதால அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க முடியல. நீங்க பார்த்திருப்பீங்கள்ல. அவன் பேரு என்ன ஆன்ட்டி? பேரு தெரிஞ்சா இவ்வளவு பயமா இருக்காது."

நான் என்ன சொல்லுவேன்? அந்தப் பேரைக் கண்ணால பார்த்து, கையால அழிச்ச ஒரே ஆள் நான். தெரியலம்மான்னேன். அவ நம்பல. மறைக்கறேன்னு நினைச்சா.

சாயங்காலம் அவங்க அப்பா வந்தார். ஆளு ரொம்பச் சாது. ஃபோரத்துல அந்தக் கர்ஜனை பண்ற மனுஷர் இவர்தானான்னு இருந்துச்சு. பொண்ணு தலையைத் தடவிக்கினே எல்லாத்தையும் கேட்டார். ஒரு வார்த்தை கோவமா பேசல. நாலு வார்த்தை திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். எல்லாருமா ஸ்டேஷனுக்குப் போனோம். அங்க பொறுமையாத்தான் கேட்டாங்க. பேரு தெரியாது, வண்டி நம்பர் தெரியாது, எழுதினதுக்கு ஆதாரமும் இல்ல, நாங்க யாரைத் தேடறதுன்னாங்க. அந்தத் தெருப் பக்கம் ரெண்டு நாள் ரோந்து வர்றோம்னு சொல்லி அனுப்பினாங்க.

மறுநாள் வெளிநாட்டுல இருந்து பதில் வந்துச்சு. பேக்கப் சனிக்கிழமை காலையில எடுத்ததுதான் இருக்கு, அதுக்குப் பிறகு எழுதினது எதுவும் கிடைக்காதுன்னு. நான் வேலையை விட்டுடறேன்னு எழுதிக் குடுத்தேன். லீடு அதை வாங்கி அவ டிராயர்ல போட்டுக்கிட்டா. "போயிட்டா யாருக்கு என்ன லாபம்? தினம் காலையில அந்தக் குப்பைத்தொட்டியை நீங்கதான் திறக்கணும், இனிமே அதான் உங்க முதல் வேலை"ன்னா. வேலையை விட்டு வர்ற வரைக்கும் அதைச் செஞ்சேன். இன்னிக்கு உங்க கருவியில ஊர் பேரு வராது. அடியோட அழிக்கற பொத்தானும் இருக்காது. எல்லாம் அந்தத் திங்கக்கிழமைக்குப் பிறகு லீடு சண்டை போட்டு வாங்கினது. பலகையில நான் என் பேரைப் போட்டு மன்னிப்புக் கேட்டேன். அந்தக் கடைசி ஆள் பேரு யாருக்காவது தெரியுமான்னும் கேட்டேன், ஒருத்தரும் காட்டிக் குடுக்கல. மன்னிக்கலாமா கூடாதான்னு அதுலயும் ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு அடிச்சுக்கினாங்க. சாவிக்காரர் அப்புறம் எழுதவே இல்ல. மின்மினியும்தான்.

அந்த பைக்குக்காரன் அவன்தானா, இல்ல எவனாவது வாடகைக்கு வூடு தேடிக்கினு வந்தவனா? எனக்குத் தெரியாது. அவன் திரும்பி வரல. வந்தானா இல்லையான்னு யாருக்குத் தெரியும்னுதான் அவங்க அப்பா சொல்லுவார். அவர்கிட்ட என் நம்பரைக் குடுத்திருந்தேன். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவார். காலேஜ் பஸ்ல போறா, பஸ் பக்கத்துல பைக் வந்தா ஜன்னலைச் சாத்திடறாம்மான்னு சொல்லுவார். உங்களுக்கு அந்தப் பேரு ஏதாவது ஞாபகம் வந்துச்சாம்மான்னு கேப்பார். இல்ல சார்னு சொல்லுவேன். பரவாயில்லம்மான்னு வச்சிடுவார். பயம்னா சத்தம் போடும்னு நினைச்சிருந்தேன். அந்தப் பரவாயில்லைங்கற வார்த்தையைக் கேக்கறதுக்கு எனக்கு அவ்வளவு பயமா இருக்கும்.

நாலஞ்சு வருஷம் போச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை கூப்பிட்டார். பொண்ணுக்கு இடம் அமைஞ்சிருக்குன்னார். எனக்கு அவ்வளவு சந்தோஷம், கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. மாப்ள சென்னை, நல்ல வேலை, நல்ல குடும்பம், நிச்சயத்துக்குத் தேதிகூட பார்த்தாச்சுன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கினார்.

"நேத்து பொண்ணும் மாப்ளையும் பேசிக்கிட்டாங்கம்மா. அவரும் காலேஜ்ல படிக்கறப்ப ஏழு மதில் ஆடினவராம். ஃபோரத்துலகூட எழுதுவேன்னு சொன்னாராம். என்ன பேர்லன்னு இவ கேட்டிருக்கா, அவரும் சொல்லியிருக்கார். அதுல இருந்து ரூமை விட்டு வெளிய வரல. தப்பா எடுத்துக்காதீங்க. அவர் அங்க வச்சிருந்த பேரை நான் சொல்றேன், அதுவா இல்லையான்னு மட்டும் சொல்லுங்கம்மா."

சொன்னார். சாதாரணமான ஒரு பேரு. அந்த மாதிரிப் பேர்ல அங்க ஆயிரம் பேர் இருந்தாங்க. கண்ணை மூடிக்கினு அந்தக் கடைசிப் பக்கத்தைக் கொண்டுவரப் பார்த்தேன். அவன் எழுதின ஒவ்வொரு வார்த்தையும் வந்துச்சு, பேரு இருந்த இடம் மட்டும் வெறுமையா இருந்துச்சு. அது இல்லன்னு சொல்லிட்டா ஒரு கல்யாணம் நடக்கும். சொல்லிடலாமான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஒருவேளை அவனே இருந்துட்டா?

"எனக்குத் தெரியல சார்"னு சொன்னேன்.

பரவாயில்லம்மான்னு வச்சிட்டார். அந்தச் சம்பந்தத்தை வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு அப்புறம் தெரிஞ்சுது. அந்தப் பையன் யாரோ, யார் பெத்த புள்ளையோ. ஒரு தப்பும் செய்யாதவனாத்தான் இருக்கணும்.